மரத்தை விற்பதா, கட்டுவதா?

தொழில் நகரமொன்றில் பங்குப்பணி ஆற்றுவோரிடம் மக்கள் கொண்டுவரும் வழக்குகள் பெரும்பாலும் ஒரே சாயலுடையவை. வீட்டுமனைக்கு முன்பணம் கட்டலாமா, பையனைப் பெங்களூரில் சேர்க்கலாமா, ஊரிலிருக்கும் பெற்றோரை இங்கே அழைத்துக்கொள்ளலாமா என்பவையே அவை. ஓசூர் வட்டாரத்தில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றிய 1970கள் முதல் இன்றுவரை இந்தக் கேள்விகள் மாறவில்லை. கேட்போரின் முகங்களே மாறியிருக்கின்றன. 1980இல் அசோக் லேலண்டு தொழிற்சாலை இங்கே இயங்கத் தொடங்கியபின், ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த ஆலைகளின் வாயிலைத் தேடி நெல்லையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் குமரியிலிருந்தும் இளைஞர் வந்தனர். இன்று நம் பங்கில் ஞாயிறு பூசைக்கு நிற்கும் கூட்டத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம் என நான்கு மொழிகளின் ஒலியைக் கேட்கலாம். கடற்கரை ஊர்களிலிருந்து வந்தோரைப் பாட்டில் கண்டுகொள்ளலாம். அலையோசையை வெல்லப் பழகிய குரல் அவர்களுடையது. நம் பாடற்குழுவினருக்கு இதனால் சிறிது சங்கடமும் உண்டு.

அப்படிப்பட்ட குடும்பமொன்று சென்ற தவக்காலத்தில் நம்மிடம் கொண்டுவந்த வழக்கு சற்றே வேறானது. ஊரில் தந்தையிடம் ஒரு பழைய பாய்மரக் கட்டுமரம் இருக்கிறது. அதைச் செப்பனிட்டு வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா? கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், கர்நாடக எல்லைக்கு எட்டுகிற தூரத்தில் அமர்ந்துகொண்டு கட்டுமரத்திற்கு வழக்குத் தீர்க்கும் நிலை நமக்கு வாய்க்கும் என்று குருமடத்தில் எவரும் சொல்லித்தரவில்லை.

உள்நாட்டு வாசகர்களுக்காகச் சில சொற்கள். கட்டுமரம் என்பது படகு அன்று. பலகை தைத்து, உட்புறம் குழிவாக, நீர் புகாதவாறு செய்வது படகு. அதை வள்ளம் என்றும் சொல்வர். கட்டுமரமோ, இலேசான முழு மரங்களைச் செதுக்கி, மூன்றோ நான்கோ ஐந்தோ பக்கம் பக்கமாக வைத்து, இரு முனைகளிலும் குறுக்குக் கட்டையிட்டுக் கயிற்றால் பிணைப்பது. அலை மேலே ஏறினால் மரங்களின் இடுக்கு வழியே நீர் வடிந்துவிடும்; இறைக்க வேண்டியதில்லை. கவிழலாம், ஆனால் மூழ்காது. கவிழ்ந்தாலும் பற்றிக்கொள்ள மரம் இருக்கும். துறைமுகம் இல்லாத, அலை ஓங்கி உடைகிற மணற்கரையிலிருந்து கடலுக்குள் போய்வர இதைவிடத் தக்க கலத்தை நம் முன்னோர் காணவில்லை. கரையோர மக்கள் ‘கட்டு’ என்பதை விட்டு, வெறுமனே ‘மரம்’ என்றே அழைப்பர். ‘மரத்துக்குப் போனான்’ என்றால் கடலுக்குப் போனான் என்று பொருள்.

இந்தச் சொல் நம் கரையை விட்டு உலகெங்கும் போயிருக்கிறது. ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளிவந்த தம் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை அதே பெயரால் குறித்தார். பின்னர் 1876இல் அமெரிக்கக் கப்பல் கட்டுநர் நத்தனியேல் ஹெரஷாப் என்பவர் இரண்டு ஒடுங்கிய ஓடங்களை இணைத்து ‘அமரில்லிஸ்’ என்னும் பாய்க்கலம் செய்து, நியூயார்க்குப் போட்டியில் மற்றவற்றையெல்லாம் பின்தள்ளினார். தோற்றவர்கள் முறையிட்டு அதைப் போட்டியிலிருந்து விலக்கச் செய்தனர் என்பது வேறு கதை. அதுமுதல் மேனாட்டில் ‘கேட்டமரான்’ என்றால் இரட்டை ஓடமுள்ள உல்லாசக் கலமே. நம் மரத்திற்கும் அதற்கும் பெயர் ஒன்றே தவிர உறவு மிகக் குறைவு.

வழக்கிற்கு வருவோம். மகனுக்கு நாற்பதை நெருங்கும் வயது. ஐ.டி.ஐ. முடித்து இங்கே வந்தவர். ஆலையொன்றில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை. மனைவியும் அதே கடற்கரையைச் சேர்ந்தவரே. பிள்ளைகள் இருவரும் ஓசூரில் பிறந்தவர்கள். அவர்கள் அறிந்த பெரிய நீர்நிலை கெலவரப்பள்ளி அணைதான். மழைக்காலத்தில் தென்பெண்ணையில் கழிவு கலந்து அங்கே மலைபோல் நுரை பொங்குவதைப் பார்த்துவிட்டுக் கடலும் இப்படித்தான் இருக்கும் என்று சின்னவன் நினைத்திருந்தானாம்.

தந்தைக்கு எழுபது கடந்துவிட்டது. முழங்கால் ஒத்துழைக்காமையால் இரண்டு ஆண்டுகளாகக் கடலுக்குப் போகவில்லை. மரம் கரையில் கிடக்கிறது. எவரும் எதிர்பார்ப்பதற்கு மாறாக, விற்றுவிடு என்று சொல்பவர் தந்தை. கூடாது, செப்பனிட வேண்டும் என்பவர் மகன். மருமகளோ கணக்கைக் கேட்கிறார். மனைக்குத் தவணை கட்ட வேண்டிய வேளையில், எவரும் ஏறாத மரத்திற்குப் பணம் ஏன் என்பது அவர் கேள்வி. அவர் கேட்டதில் நியாயம் இல்லையென்று சொல்ல நம்மால் இயலவில்லை.

மகன் வெறுங்கையோடு வரவில்லை. கணக்குத்தாள் ஒன்று கொணர்ந்தார். ஆலைப் பழக்கம் அது. ஓர் இயந்திரத்தைப் பழுதுபார்ப்பதா கழிப்பதா என்று முடிவுசெய்ய அவர்கள் வயது, தேய்மானம், உதிரிப்பாகச் செலவு, அது நின்றுபோவதால் நேரும் இழப்பு ஆகியவற்றை வரிசையாக எழுதிக் கூட்டுவார்கள். அதே கட்டங்களை வரைந்து மரத்தையும் எழுதியிருந்தார். நான்கு மரங்களில் இரண்டை மாற்ற வேண்டும், புதுக் கயிறு வேண்டும், பாய் கிழிந்துவிட்டது. செப்பனிடும் செலவு, மர வியாபாரி தருவதாகச் சொன்ன விலையைப்போல் மூன்று மடங்கு. இன்னொரு வரியும் இருந்தது. சுற்றுலா விடுதி நடத்தும் ஒருவர், தோட்டத்து முகப்பில் காட்சிக்கு வைக்கப் பழைய கட்டுமரம் வேண்டும் என்று, வியாபாரியை விட இரு மடங்கு தருவதாகக் கேட்டிருக்கிறாராம். மிதப்பதற்குத் தரும் விலையைவிட மிதவாமல் நிற்பதற்குத் தரும் விலை அதிகம்! இதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பும் வந்தது, சிரிப்பதற்கில்லை என்றும் தோன்றியது.

கணக்குப்படி விற்பதே சரி. ஆயினும் அவர் கண் கலங்கியிருந்தது. “ஃபாதர், அந்த மரம்தான் என்னை ஐ.டி.ஐ. படிக்க வச்சது. அது கரையில இருக்கிறவரைக்கும் ஊர்ல எனக்கு ஒரு இடம் இருக்குன்னு நெனப்பு” என்றார். கணக்குத்தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

உயிர்ப்புப் பெருவிழாவிற்குப்பின் நாகர்கோவிலில் ஒரு திருமணத்தை நடத்திவைக்கும் கடமை நமக்கு இருந்தது. இரவுப் பேருந்தில் அவரும் உடன் வந்தார். மறுநாள் மாலை அவருடைய ஊருக்குச் சென்று மரத்தைப் பார்த்தோம். நாம் பிறந்தது தருமபுரிச் சீமை. ஒகேனக்கல் பரிசலைத் தவிர வேறு கலம் அறியாத குடி. குருமடப் பயிற்சியின்போது 1990களில் ஒரு கோடை முழுவதும் கடற்கரைப் பங்கொன்றில் தங்கியிருந்ததால் மரத்தின் பேச்சு ஓரளவு காதில் விழுந்திருந்தது, அவ்வளவே.

பெரியவர் நம்மை வரவேற்று இளநீர் கொடுத்தபின், பேச்சை வளர்க்காமல் மரத்தண்டை அழைத்துச் சென்றார். அரிவாளைத் திருப்பிப் பிடித்து அதன் பிடியால் ஒவ்வொரு மரத்தையும் முனைமுதல் முனைவரை தட்டினார். நடுமரம் இரண்டிலும் ‘டங்’ என்று ஓசை எழுந்தது. இடப்பக்க ஓரமரத்தில் பாதிவரை அதே ஓசை. பிறகு ஈரமண்ணைத் தட்டியதுபோல் அடங்கியது. வலப்பக்கத்து மரம் முழுவதுமே ஊமை. “உள்ள ஊறிப்போச்சு சாமி. வெயில்ல எத்தனை நாள் போட்டாலும் இனி காயாது. தண்ணியில இறக்குனா ஒரு பக்கம் தாழ்ந்துதான் கிடக்கும்” என்றார்.

மரத்தின் ஆயுள் இரகசியம் காய்வதில்தான் இருக்கிறது என்பதை அவரிடம் கேட்டறிந்தோம். இப்போது மரம் செய்வது கேரளத்திலிருந்து வரும் அல்பீசியா தடிகளில். மொலுக்கஸ் தீவுப் பக்கத்திலிருந்து வந்து கேரளத் தோட்டங்களில் வேரூன்றிய மரம் அது. விரைந்து வளரும், பஞ்சுபோல் இலேசானது. மலைவேம்பும் முன்னர்ப் பயன்பட்டதுண்டு. இலேசாக இருப்பதாலேயே நீரையும் விரைந்து குடிக்கும். ஆகவே கடலிலிருந்து வந்ததும் கட்டை அவிழ்த்து, தனித்தனி மரமாக மணலில் ஏற்றிக் காயவைக்க வேண்டும். இருவர் சேர்ந்தால் ஒரு மரத்தைச் சுமந்துவிடலாம். மறுநாள் விடியுமுன் மீண்டும் கட்டு. நாள்தோறும் பிரித்து, நாள்தோறும் சேர்ப்பதால் எந்த மரம் கனக்கிறது என்பது தோளுக்கு உடனே தெரிந்துவிடும். வேறு எந்தக் கலத்திலும் உடையவனின் உடம்பே இப்படி நாள்தோறும் சோதனை செய்வதில்லை. கடற்புழு குடைவதற்கும் இந்த வழக்கம் இடம் தராது. காய்ந்த மரத்தில் அது பிழைக்காது.

கயிற்றிலும் பெரியவருக்குத் திட்டமான கருத்து உண்டு. நைலான் கயிறு அழுகாது, ஆனால் நனைந்தால் நெகிழ்ந்துகொடுக்கும். தென்னைநார்க் கயிறு நனைந்தால் பருத்து இறுகும். கடலுக்குள் போகப்போக இறுகுகிற கட்டுத்தான் கட்டு என்பது அவர் தீர்ப்பு. மகன் அருகில் நின்று, “ஆலையில நட்டு போல்ட்டு கழலாம இருக்க எத்தனை வாஷர் போடுறோம், இவங்க தண்ணியையே வாஷராப் போட்டிருக்காங்க” என்று நம் காதோடு சொன்னார்.

“அப்படியானால் இரண்டு மரம் மாற்றினால் போதுமே, ஏன் விற்கச் சொல்கிறீர்கள்?” என்று கேட்டோம்.

“யாரு சாமி போறது?” என்றார் பெரியவர். மகனைப் பார்த்து, “மக்களே, நீ வருசத்துக்கு ஒருக்கா கிறிஸ்துமசுக்கு வருவ. வந்து இதுல சாஞ்சு நின்னு போட்டோ எடுப்ப. அதுக்கு எதுக்கு மரம்? போகாத மரம் விறகு” என்றார். மகன் பதில் சொல்லவில்லை.

அன்றிரவு நமக்கு உறக்கம் பிடிக்க நேரமாயிற்று. மெய்யியல் வகுப்பில் படித்த தெசேயுசின் கப்பல் நினைவுக்கு வந்தது. ஏதென்சு நகரத்தார் அந்த வீரனின் கப்பலைக் காத்துவந்தனர். பலகை மக்கும்தோறும் புதுப்பலகை பொருத்தினர். பலகையெல்லாம் மாறியபின் அது அதே கப்பல்தானா என்று மெய்யியலார் வாதிட்டதாகப் புளூட்டார்க்கு எழுதியிருக்கிறார். பேராசிரியர் ஒருவர் அதை இரண்டு மணிநேரம் விளக்கினார். நம் பெரியவருக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றாது. இந்த நான்கு மரங்களில் எதுவும் அவர் இளமையில் ஏறிய மரம் அன்று. எல்லாம் மாறி மாறி வந்தவை. ஆனால் ‘என் மரம்’ என்று அவர் ஒருமையில்தான் சொல்கிறார்.

அதைவிட நம்மை நெடுநேரம் ஆட்கொண்டது வேறொரு படகு. 1986ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வறட்சியால் கலிலேயாக் கடலின் நீர்மட்டம் வெகுவாகத் தாழ்ந்தபோது, கினோசர் என்னும் குடியிருப்பைச் சேர்ந்த மீனவச் சகோதரர் இருவர் சேற்றில் ஒரு பழம்படகின் விளிம்பைக் கண்டனர். ஆய்வாளர்கள் அதை ஏறத்தாழ ஆண்டவர் வாழ்ந்த காலத்தது என்று கணித்தனர். நீளம் எட்டு மீட்டருக்குச் சற்று மேல். நுரைப்பொருளால் போர்த்தி மிதக்கவிட்டுக் கொண்டுசென்று, பல ஆண்டுகள் மெழுகுபோன்ற கரைசலில் ஊறவைத்துக் காப்பாற்றினர். இன்று கினோசர் அருங்காட்சியகத்தில் எஃகுச் சட்டத்தின்மேல் இருக்கிறது. திருப்பயணம் சென்றுவந்த வாசகர் பலர் பார்த்திருப்பீர்கள்.

அதைச் செய்த தச்சன் ஏழை. கேதுருவும் கருவாலியும் பெரும்பகுதி. ஆனால் இடையிடையே கைக்குக் கிடைத்த பலவகை மரத்துண்டுகள், பத்துக்கும் மேற்பட்ட இனங்கள், ஒட்டுப்போட்டதுபோல் பொருத்தப்பட்டிருக்கின்றன. மீண்டும் மீண்டும் செப்பனிட்டிருக்கிறார்கள். இனிச் செப்பனிட இயலாது என்ற நாள் வந்தபோது அவர்கள் செய்ததுதான் நமக்கு வியப்பு. முன்தூண், பின்தூண் போன்று, இன்னொரு படகிற்கு உதவக்கூடிய பாகங்களையெல்லாம் கழற்றிக்கொண்டு, வெற்றுடலைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டனர். அழுது வைத்துக்கொள்ளவும் இல்லை, அப்படியே எறிந்துவிடவும் இல்லை. நல்லது இன்னொரு கலத்தில் தொடர்ந்து ஓடியிருக்கிறது.

அந்தக் கடற்கரையில்தான் யாக்கோபும் யோவானும் தந்தை செபதேயுவைக் கூலியாட்களோடு படகிலேயே விட்டுவிட்டுப் புறப்பட்டதாக மாற்கு எழுதுகிறார். மறையுரையில் நாம் எல்லோரும் மைந்தரின் துறவைப் புகழ்கிறோம். மறுநாள் காலை செபதேயுவுடன் வலையிழுக்கப் போனவர் யார் என்று நாம் கேட்பதில்லை. ஓசூருக்கும் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் மைந்தரை அனுப்பிவிட்ட நம் கரையோர ஊர்கள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

மறுநாள் காலை கரையில் நடந்தபோது ஊரின் நிலைமை கண்முன் விரிந்தது. பாய்மரம் இன்று அருகிவிட்டது. இந்த மாற்றம் ஒரே நாளில் வந்ததன்று. 1980களில் முட்டத்தில் பெல்ஜியம் நாட்டுப் பொறியாளர் பியர் ஜில்லே, மீனவரோடு சேர்ந்து ஒட்டுப்பலகையில் சிறு கலங்களைச் செய்து பழக்கினார். அந்த முயற்சியின் இடர்ப்பாடுகளை 1985இல் ஒரு நூலாகவும் எழுதினார். ‘சிறியது கடினம்’ என்று பொருள்படும் தலைப்பு அதற்கு. சிறியதே அழகு என்று சூமாக்கர் எழுதிப் புகழ்பெற்றிருந்த காலத்தில் அப்படித் தலைப்பிடத் துணிவு வேண்டும்! வெளிப்பொருத்து இயந்திரங்கள் பெருகின. பின் 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்து கரையிலிருந்த மரங்களை அள்ளிப்போயிற்று. குறிப்பாகக் கிழக்குக் கரையில் உதவிக்கு வந்தோர் பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகளையே தந்தனர். மரம் இழந்தவர் பலர் மீண்டும் மரத்திற்குத் திரும்பவில்லை.

ஆயினும் மரத்தின் காலம் முற்றிலும் முடிந்துவிட்டது என்று எண்ணுவதற்கில்லை. இயந்திரப் படகுகளுக்கு ஆண்டுதோறும் 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குமரியின் மேற்குப் பகுதியில் ஜூன், ஜூலை மாதங்கள். பாயும் துடுப்பும் கொண்டு போகும் மரத்திற்குத் தடையில்லை. மீனுக்கு நல்ல விலையும் அப்போதுதான். எரிபொருள் செலவில்லை. விடியுமுன் கரையிலிருந்து வீசும் காற்று கொண்டுபோய் விடும். பிற்பகலில் கடலிலிருந்து வீசும் காற்று கொண்டுவந்து சேர்க்கும். தூண்டில்காரர் ஓரிருவருக்கு அது போதும்.

மரத்திற்கு மெய்யான எதிரி வேறிடத்தில் இருக்கிறது. கடலரிப்பைத் தடுக்கக் கல்சுவர் எழுப்பிய ஊர்களில் மணல் இல்லை. படகைத் துறைமுகத்தில் கட்டிவைக்கலாம். மரத்தை எங்கே இழுத்துக் காயவைப்பது? கடல் மட்டும் இருந்தால் போதாது, மரத்திற்குக் கரையும் வேண்டும். கல்லடுக்கிய கரையில் எவ்வளவு பணம் கொட்டி மரத்தைச் செப்பனிட்டாலும் அது வீணே. இந்த ஊரில் குருசடிக்குத் தெற்கே இருநூறு முழம் மணல் எஞ்சியிருந்தது. அதை நாம் நடந்தே பார்த்தோம். மகனின் தாளில் எழுதப்படாத இன்னொரு கட்டம் அது.

எஞ்சிய கட்டம் ஆள். அது காலை உணவின்போது தானே வந்து சேர்ந்தது. பெரியவருடைய மகள்வயிற்றுப் பேரன், இருபத்து நான்கு வயது இளைஞன், நமக்கு மீன் கொண்டுவந்திருந்தான். வேறொருவர் படகில் கூலிக்குப் போகிறவன். ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறான். அப்படி வாங்கினால் மீனை அவருக்கே, அவர் வைத்த விலைக்கே தரவேண்டும். பிடிபட்ட மீன் கரைக்கு வருமுன்பே பாதி போய்விடும். கடற்கரையில் மீனவர் சங்கங்கள் எழுந்ததே இந்தக் கட்டை அவிழ்க்கத்தான். சொந்த மரம் இருந்தால் நீ போவாயா என்று கேட்டோம். “பாட்டா கத்துக்குடுத்தா போவேன் சாமி. ஆனா எனக்கு வாங்கக் கையில காசு இல்ல. மாமாகிட்ட கேக்கக் கூச்சமா இருந்துச்சு” என்றான். மாமா அவனைத் திரும்பிப் பார்த்தார். ஓசூரில் மூன்று மாதம் கணக்குப் போட்டவருக்கு அந்தப் பெயர் நினைவில் எழாமற்போனது வியப்பன்று. தூரத்திலிருந்து பார்க்கும்போது மரம் தெரியும், மருமகன் தெரிவதில்லை.

அதன்பின் பேச்சு வேகமெடுத்தது. நாம் குறைவாகவே பேசினோம். பிணி தீராத இரு மரங்களைக் கழித்து, நல்ல இரண்டுடன் புதியன இரண்டு சேர்த்துக் கட்டுவது. புதுத்தடியும் கயிறும் பாயும் மகன் செலவு. வருமானத்தில் போகிறவர்க்கு ஆளுக்கொரு பங்கு, மரத்திற்கு ஒரு பங்கு. அந்த மரப்பங்கில் பாதி பெரியவர்க்கும் பாட்டிக்கும், மறுபாதி கடன் தீரும்வரை மாமாவுக்கு. கடன் தீர்ந்ததும் மரம் பேரனுடையது. ஏலக்காரரின் முன்பணம் முதலில் அடைபட வேண்டும் என்பதை மட்டும் நாம் வற்புறுத்தினோம்.

ஓசூரிலிருந்து தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்த மருமகள், “பணம் திரும்பி வரும்னு எழுத்து உண்டா?” என்றார். கேட்டது நன்றே. பேரனின் தங்கையுடைய பள்ளிக் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினோம். இருவரும் ஒப்பமிட்டனர், நாம் சாட்சி. அவருடைய மனைத் தவணை ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. அதை அவர் இன்றுவரை நமக்கு நினைவூட்டுகிறார்.

கழித்த இரண்டு மரங்களின் கதையையும் சொல்லிவிட வேண்டும். விடுதிக்காரருக்கு வேண்டியது பார்வைக்கு ஒரு மரம்தானே என்று பெரியவரே யோசனை சொன்னார். இது கடலில் மிதக்காது என்பதை அவரிடம் இரண்டு முறை சொல்லிய பின்பே, ஊறிப்போன இரு மரங்களையும் கிழிந்த பாயையும் கொடுத்தார்கள். முழு மரத்திற்குப் பேசிய விலையில் பாதி கிடைத்தது. புதுத்தடி ஒன்றின் விலை அதில் தேறிற்று. விடுதியார் எங்கிருந்தோ ஒரு தடியை நடுவில் சேர்த்துக் கட்டி, புல்வெளியில் நிறுத்தி, மேலே பூந்தொட்டிகளை வைத்திருக்கிறார்களாம்.

புதிய மரம் ஆகஸ்டு மாதம் கடலில் இறங்கிற்று. பேரன் பாயோடுதான் போகிறான். சிறிய இயந்திரம் ஒன்று மாட்டலாமா என்று அவனுக்கு ஓர் எண்ணம், பாட்டாவுக்கு அது பிடிக்கவில்லை, வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. மரப்பங்கிலிருந்து மாமாவுக்கு இதுவரை மூன்று முறை பணம் வந்திருக்கிறது. இரண்டு முறை வரவில்லை.

சென்ற மாதம் மகன் ஊருக்குப் போய்வந்து ஒரு செய்தி சொன்னார். பெரியவர் ஒருநாள் பேருந்தேறி அந்த விடுதிக்குப் போயிருக்கிறார். அணியம் எனப்படும் முன்பக்கம் ஒன்றும், பின்பக்கம் ஒன்றும் முன்னோக்கி இருக்குமாறு மரங்களை மாற்றிக் கட்டியிருந்தனராம். காவலாளியிடம் சொல்லிப் பார்த்தார், அவருக்கு விளங்கவில்லை. பூந்தொட்டிகளை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, கட்டை அவிழ்த்து, திருப்பிப் போட்டு, தம் கையால் முறையாகக் கட்டி, தொட்டிகளையும் இருந்தபடியே அடுக்கிவிட்டு வந்தாராம். மேலாளர் பணம் நீட்டியபோது வாங்கவில்லை. தேநீர் மட்டும் குடித்தாராம்.